சீனி வருத்தமும் தொலை மருத்துவமும்: பள்ளிவாசல்கள் செய்யக்கூடியது என்ன?

என் வகுப்பு மாணவி ஒருத்தி மாதத்தில் ஒரு நாள் பாடசாலைக்கு வருவதில்லை. விசாரித்தபோது, "உம்மம்மாட கிளினிக் நாள் டீச்சர்" என்றாள். உம்மா வேலைக்குப் போனால்தான் அன்றைய செலவு நடக்கும். அதனால் விடியற்காலையில் நம்பர் எடுப்பதும், டொக்டர் சொல்வதைக் கேட்டு வருவதும் பிள்ளையின் பொறுப்பாகிவிட்டது.

மாளிகாவத்தை, கொம்பனித்தெரு, கிராண்ட்பாஸ் போன்ற இடங்களில் இது புதுமையல்ல. ஆஸ்பத்திரி தூரமில்லை, வைத்தியமும் இலவசம். ஆனாலும் போய்வர ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது. எனவே பலர் கிளினிக்கைத் தவறவிடுகிறார்கள். பழைய துண்டைக் காட்டிக் குளிசை வாங்குகிறார்கள், காசு குறைந்தால் பாதியாக்கிக் குடிக்கிறார்கள். சீனி ஆரம்பத்தில் வலிப்பதில்லை. கண், சிறுநீரகம், பாதம் பழுதான பின்புதான் பலருக்கும் விளங்குகிறது.

2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தொலைபேசியில், வீடியோவில் வைத்தியரோடு பேசும் வழக்கமும் அக்காலத்தில் பரவியது. சீனி வருத்தத்துக்கு இம்முறை பொருத்தமானது. ஏனெனில் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை வைத்தியர் பெரும்பாலும் அளவுகளைப் பார்த்தே தீர்மானிக்கிறார்.

பிரச்சினை இங்குதான். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் எவ்வளவு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, குடிக்கும் குளிசைகள் எவை? இவை தெரியாமல் அழைப்பு எடுத்தால் வைத்தியர் ஊகிக்கத்தான் வேண்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லை. இருந்தாலும் ஸ்ட்ரிப் வாங்கக் கட்டுப்படியாகாது. ஸ்மார்ட் போனோ மகனின் கையில்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசலோ மத்ரஸாவோ இருக்கிறது. வாரத்தில் ஒரு காலை அங்கே ஓர் அறையைத் திறக்கலாம். ஒரு குளுக்கோமீட்டர், ஒரு பிரஷர் கருவி, ஒரு பதிவுக் கொப்பி, ஒரு போன் போதும். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பொறுப்பேற்றால் நல்லது. ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி கட்டாயம். பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும். ஒருவரின் விபரம் மற்றவருக்குப் போகக் கூடாது. அளந்து எழுதிய பிறகு பதிவுபெற்ற வைத்தியரோடு வீடியோவில் பேச வைக்கலாம்.

றமழானுக்கு முந்திய வாரங்களில் இது இன்னும் அவசியம். நோன்பு பிடிக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று அப்போதே கேட்டுவிடலாம். நோன்பில் சீனி 70 இலும் குறைந்தால் அல்லது 300 ஐத் தாண்டினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவ ஆலோசனை. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள்.

போனால் ஆகாத காரியங்களும் உண்டு. பாதத்தின் உணர்வைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும், கண்ணைக் கருவியால்தான் பார்க்க வேண்டும். ஆறாத புண், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரிதான். அவசரத்துக்கு 1990 இருக்கிறது. அரச கிளினிக்கையும் கைவிடக் கூடாது. இடைப்பட்ட வாரங்களில் நோயாளியைக் கவனிக்கவே இந்த ஏற்பாடு.

பள்ளிவாசல்களுக்கு டைல் பதிக்கவும் ஏசி பூட்டவும் நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். ஒரு பெட்டி ஸ்ட்ரிப்பும் ஸதகாதான். அந்த உம்மம்மா தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அளந்து, வைத்தியரோடு தானே பேசினால், பேத்தி தன் பாடத்தை இழக்கத் தேவையில்லை.