வெண்ணிற நாய்க்குப் பவுடர்: பூசவா, அழுக்கைப் போக்கவா?

நம் நாட்டு நகரங்களில் வெள்ளை நாய் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, கூரிய காதுகளும் முதுகின்மேல் சுருண்ட வாலும் அடர்ந்த உரோமமும் கொண்ட சிறிய நாய்தான். வீடுகளில் ‘பொமரேனியன்’ என்று அழைக்கப்பட்டாலும், இவற்றுள் பல இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. 1994-இல் வெளியான ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ என்ற இந்தித் திரைப்படத்தில் டஃபியாகத் தோன்றிய நாயும் இவ்வினமே. இத்தகைய நாயை அடிக்கடி குளிப்பாட்டாமல், பவுடரைக் கொண்டே வெண்மையாக வைத்திருக்க முடியுமா என்பது அதை வளர்ப்போர் பலரும் கேட்கும் கேள்வி. ஓரளவுக்கு முடியும். ஆனால், பவுடரின் வேலை என்ன என்பதை நாம் முதலில் அறிந்திருக்க வேண்டும். அது உரோமத்தின்மேல் தங்குவதற்கு உரியதன்று. அழுக்கைப் பற்றிக்கொண்டு வெளியேறுவதற்கு உரியது.

அழுக்கு எங்கே இருக்கிறது?

ஸ்பிட்ஸ் வகை நாய்களுக்கு இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. வெளியே நீண்ட, சற்று முரடான முடிகள். உள்ளே தோலை ஒட்டிப் பஞ்சு போன்ற மெல்லிய முடிகள். தோலில் சுரக்கும் எண்ணெய் இம்முடிகளில் படர்கிறது. தெருப்புழுதி அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்வதால் வெண்மை மங்குகிறது. மாவுப் பொடி எண்ணெயையும் சிறிதளவு ஈரத்தையும் உறிஞ்சும். பிறகு சீவும்போது புழுதியோடு சேர்ந்து உதிரும். சீவாமல் விட்டால் எண்ணெயும் புழுதியும் பொடியும் ஒன்றாகித் தோலை ஒட்டிப் படியும். மேலே வெண்மை தெரியும். உள்ளே அழுக்கு கூடியிருக்கும்.

எதைத் தூவலாம், எதைத் தூவக்கூடாது?

கடைகளில் ‘கார்ன் ஃப்ளோர்’ என்று கேட்டால் கிடைக்கும் மக்காச்சோள மாவு இதற்குப் போதுமானது. மணமோ மருந்தோ வேறு எதுவுமோ கலவாததாக அது இருக்க வேண்டும்.

நாம் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரைத் தவிர்ப்பதே நல்லது. டால்க் ஒரு கனிமம். மூச்சோடு உள்ளே செல்லும் அதன் நுண்துகள்கள் நுரையீரலில் கரைவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2024-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. நாயின் மூக்கோ எப்போதும் தன் உரோமத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

வேர்க்குரு பவுடர் இன்னும் கேடானது. அத்தகைய பவுடர்களில் போரிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், துத்தநாக ஆக்சைடு போன்றவை கலந்திருக்கலாம். மனிதர் தம் தோலை நக்குவதில்லை, நாய் நக்கும். நம் தோலுக்கு இதம் தரும் பொருள், அதன் வயிற்றுக்குள் சென்றால் நஞ்சாகக் கூடும்.

உண்ணிப் பொடி என்பது பூச்சிக்கொல்லி. அதைச் சுத்தம் செய்யும் பொடியாகக் கருதித் தூவலாகாது. கால்நடை மருத்துவர் கூறும் அளவிலேயே பயன்படுத்த வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நாய்களுக்கான சில பொடிகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு.

செய்முறை

முதலில் பொடியின்றிச் சீவிச் சிக்குகளை எடுத்துவிட வேண்டும். சிக்கின்மேல் விழும் பொடி அங்கேயே தங்கிவிடும். உரோமம் அடிவரை உலர்ந்திருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்க்க வேண்டும். ஈரத்தில் மாவு பசையாகிவிடும். பிறகு பொடியை உள்ளங்கையில் சிறிதளவு எடுத்து, உரோமத்தைப் பகுதி பகுதியாக விலக்கித் தடவலாம். டப்பாவிலிருந்து நேராகத் தூவினால் புகைபோல் எழுந்து நாயின் மூச்சிலும் நம் மூச்சிலும் கலக்கும். கண், மூக்கு, வாய், காதுத் துளை, புண்கள் ஆகியவற்றின் அருகே பொடி படக்கூடாது.

சில நிமிடங்கள் கழித்து, தோலருகிலிருந்து நுனி நோக்கி வரிசை வரிசையாகச் சீவ வேண்டும். உரோமத்தைத் தட்டினால் பொடி பறக்காத நிலை வரும்வரை இதைத் தொடர வேண்டும். காற்றோட்டமான மாடமோ முற்றமோ இதற்கு ஏற்ற இடம். ஆஸ்துமா உள்ளவர்கள் இவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிடலாம். ஷிட்சு போன்ற தட்டை முகமுள்ள நாய்களுக்கு மூச்சுவிடுவதே சிரமம் என்பதால், பொடியைத் தவிர்த்து ஈரத்துணியால் துடைத்துவிடுவது மேல்.

தில்லியின் குளிர்காலம் போல், குளிப்பாட்டினால் நாய் நடுங்கும் நாட்களில் இம்முறை பெரிதும் உதவும். மும்பையின் மழைக்காலத்தில் நிலைமை வேறு. அடர்ந்த உரோமம் எளிதில் உலராது. ஈரத்தோடு மாவும் சேர்ந்தால் தோல்நோய்க்கு இடமாகும். அப்போது துவாலையும் உலர்த்தும் கருவியுமே தேவை, பவுடர் அன்று.

பவுடர் மறைத்துவிடும் செய்திகள்

வெண்ணிற நாயைப் பேணுவதில் ஒரு வசதி உண்டு: அதன் உடலில் தோன்றும் மாற்றம் விரைவில் கண்ணில் படும். பாதங்களில் செம்பழுப்பு நிறம் ஏறினால், நாய் அவ்விடத்தை ஓயாமல் நக்குகிறது என்று பொருள்; உமிழ்நீரிலுள்ள நிறமியே அக்கறைக்குக் காரணம். நக்குவதற்குப் பின்னால் ஒவ்வாமையோ பூஞ்சைத் தொற்றோ இருக்கலாம். கண்ணின் கீழ் கறை மிகுந்தால், கண்ணீர் வழிவதன் காரணத்தை ஆராய வேண்டும். இக்கறைகளைப் பவுடரால் நீக்க முடியாது, மூடிவைக்கவே முடியும். மூடிவைத்த நாட்களில் நோய் வளரும். பிற்பாடு மருத்துவச் செலவும் நாயின் வேதனையும் கூடும். பவுடருக்குப் பிறகும் துர்நாற்றமோ சொறியோ முடியுதிர்தலோ தொடர்ந்தால், தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுவதே முறை.

அழகையே அளவிடும் நாய்க் கண்காட்சிகளும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. சுத்தம் செய்யப் பயன்படுத்திய பொருள் எதுவாயினும், போட்டிக் களத்தில் நுழையும் முன் அது முற்றிலும் நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதி. வீட்டு நாய்க்கும் அதே விதியை நாம் மேற்கொள்ளலாம். நாள்தோறும் பத்து நிமிடம் சீவிவந்தால் பவுடரின் தேவையே வெகுவாகக் குறைந்துவிடும். அவ்வாறு சீவும் கைதான் உண்ணியையும் கட்டியையும் புண்ணையும் முதலில் கண்டறியும்.