மணலில் புதைந்த சக்கரமும் திரும்பிப் போன வேனும்



கடந்த பருவ காலத்தில் ஒரு நாள் மூதூரிலுள்ள எனது ஹாட்வெயார் கடை முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. கனடாவிலிருந்து வந்திருந்த தமிழ்க் குடும்பம். சம்பூர்தான் அவர்களது பூர்வீகம். 2006இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, பின்பு நாட்டை விட்டே போனவர்கள். வயதான தாய் சக்கர நாற்காலியில் இருந்தார். மகள் இறங்கி வந்து, "நானா, பிளைவூட் பலகை இருக்கா? அம்மாவைக் கடல் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகோணும்" என்று கேட்டார்.

இரண்டு பலகை கொடுத்தேன். மனம் கேட்காமல் நானும் கூடவே சம்பூருக்குப் போனேன். ஒரு பலகையைப் போட்டு நாற்காலியைத் தள்ளி, பின்னாலிருந்த பலகையைத் தூக்கி முன்னால் போட்டு, இப்படியே பாதித் தூரம் போனோம். பிறகு முன்சக்கரம் பலகையை விட்டு இறங்கி மணலில் புதைந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கப் போனோம். அந்தத் தாய் கையை உயர்த்தி, "தம்பி, என்னைத் தூக்க வேண்டாம். நான் சாமான் இல்ல. திரும்பிப் போவம்" என்றார். கடலுக்கு இன்னும் நாற்பது யார் இருக்கும்.

இரண்டு நாள் தங்குவதற்கு வந்தவர்கள் அன்று மாலையே திருகோணமலைக்குத் திரும்பிவிட்டார்கள். பலகை விற்ற இலாபத்தை நான் கணக்கில் எழுதினேன். அந்த வேனிலிருந்த ஏழு பேரும் சாப்பிடாத சாப்பாடு, ஏறாத தோணி, தங்காத அறை ஆகியவற்றை எவருமே எழுதவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை நமது வியாபாரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் புதைகிறது?

சாதாரண சக்கர நாற்காலி ஆஸ்பத்திரித் தரைக்காகச் செய்யப்பட்டது. அதன் முன்சக்கரங்கள் சிறியவை, ஒடுக்கமானவை. ஆளின் பாரத்தில் ஒரு பங்கு இரண்டு விரல் அகலமுள்ள அந்தச் சக்கரங்களில் இறங்குகிறது. கெட்டித் தரை அதைத் தாங்கும், மணல் தாங்காது.

இது நமக்குத் தெரியாத விடயமல்ல. சேற்று வயலுக்குள் இறங்கும் லேண்ட்மாஸ்டருக்கு அகலமான இரும்புச் சக்கரம் மாட்டுகிறோம். மணலில் சிக்கிய வாகனத்தின் டயரில் காற்றைக் குறைக்கிறோம். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: பாரத்தை அகலமான இடத்தில் பரப்பினால் நிலம் தாங்கும். கரடுமுரடான பாதைகளுக்கென்று உலகத்தில் செய்யப்படும் நாற்காலிகளில் பெரும்பாலானவை இந்த விதியைத்தான் பின்பற்றுகின்றன.

செலவில்லாத ஒரு வழியையும் சொல்லிவைக்கிறேன். சாதாரண நாற்காலியைக் கொஞ்ச தூரம் மணலில் கொண்டுபோவதானால், இருப்பவரிடம் சொல்லிவிட்டு, பின்பக்கம் சற்றுச் சாய்த்து, பெரிய சக்கரங்களில் பின்னோக்கி இழுக்க வேண்டும். முன்சக்கரம் மணலில் படாது. அன்று எங்களில் ஒருவருக்காவது இது தெரிந்திருந்தால் அந்தத் தாய் கடலைப் பார்த்திருப்பார்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

முதலாவது, பாதையையே மாற்றுவது. சென்னை மெரினா கடற்கரையில் 2022 நவம்பர் 27ஆம் திகதி, மாற்றுத்திறனாளிகளுக்கென்று 263 மீற்றர் நீளமான மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1 கோடி 14 இலட்சம் இந்திய ரூபா. இரண்டு வாரம் செல்வதற்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்திவிட்டது. பின்னர் திருத்தினார்கள். மார்கழிக் கடல் எப்படி ஏறிவரும் என்பது நமக்கும் தெரியும். ஆகவே நமது கரைக்கு நிரந்தர மரப்பாதையை விட, பருவத்தில் விரித்து மழைக்கு முன் சுருட்டி எடுக்கக்கூடிய விரிப்புப் பாதையே புத்தி.

இரண்டாவது, பலூன் போன்ற பருத்த சக்கரம் பூட்டிய கடற்கரை நாற்காலி. இன்னொருவர் தள்ள வேண்டும். மணலுக்கு நல்லது.

மூன்றாவது, ஒற்றைச் சக்கர நாற்காலி. 1987இல் பிரான்ஸ் நாட்டு மலை வழிகாட்டியான ஜோயல் க்ளோடெல், தசைநோயால் நடக்க முடியாத தனது மருமகனுக்காக இதைச் செய்தார். ஜோயலெட் என்று பெயர். நடுவில் ஒரே சக்கரம், முன்னும் பின்னும் கைபிடிகள், இரண்டு பேர் பிடித்துப் போக வேண்டும். ஒற்றையடிப் பாதை, கல், வேர் எல்லாவற்றையும் தாண்டும். மோட்டாரும் இல்லை, பற்றரியும் இல்லை.

நான்காவது, நெம்புகோல் நாற்காலி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஏமோஸ் வின்டர் என்பவரது குழு ஏழை நாடுகளின் கிராமங்களுக்காக வடிவமைத்தது. கையால் தள்ளும் இரண்டு நெம்புகோல்கள் உண்டு. மேல் நுனியைப் பிடித்துத் தள்ளினால் பலம் கூடும், கீழே பிடித்தால் வேகம் கூடும். அதாவது கியர் மாற்றும் வேலையைக் கையே செய்கிறது. இதில் நமக்கு முக்கியமான விடயம், ஓடும் பாகங்கள் சைக்கிள் பாகங்கள் என்பதுதான். உடைந்தால் மூதூர் சைக்கிள் கடையில் சாமான் கிடைக்கும்.

ஐந்தாவது, மோட்டார் இணைப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021இல் நியோபோல்ட் என்பதை அறிமுகப்படுத்தியது. தங்களது சக்கர நாற்காலியின் முன்னால் இதைப் பூட்டிவிட்டால் அது மூன்று சக்கர வாகனமாகிவிடும். ஒரு தடவை சார்ஜ் செய்தால் 25 கிலோமீற்றர் வரை, மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அப்போதைய விலை 55,000 இந்திய ரூபா. கிறவல் பாதைக்குச் சரி, ஆழமான மணலுக்குரியதல்ல.

ஆறாவது, டோசர் போலச் சங்கிலிப் பட்டையில் ஓடும் நாற்காலி. அமெரிக்காவின் மினசோட்டாவில் அக்ஷன் ட்ராக்செயார் என்ற பெயரில் செய்கிறார்கள். விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மகனுக்காக ஒரு தந்தை தொடங்கிய தொழில் அது. மணல், சேறு, பனி எல்லாவற்றிலும் போகும். விலை பன்னிரண்டாயிரம் டொலருக்கு மேல். பாரமும் அதிகம், ஏற்றி இறக்கத் தனி வாகனம் வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி நடத்துகிறார்கள்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஸ்டாண்டன் பூங்காவில் 2017 முதல் பட்டை நாற்காலிகள் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன. முன்கூட்டியே பதிய வேண்டும், குறித்த பாதைகளில் மட்டும் போகலாம், ஒரு தொண்டர் கூடவே போவார். பணம் நன்கொடையால் வருகிறது. ஜோர்ஜியா மாநிலமும் 2022இல் இதைப் போன்ற திட்டமொன்றைத் தொடங்கியது. அங்கே முதலில் பயிற்சி பெற வேண்டும், துணையாக ஒருவரும் கூட வரவேண்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் வேறு முறை. ட்ராம்பர் என்ற கரடுமுரடுப் பாதை ஸ்கூட்டர்களைப் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். உறுப்பினராகச் சேர்ந்து பயிற்சி பெற்றவர் அந்த இடங்களில் வாடகைக்கு எடுக்கலாம். ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியாகத் திட்டம் போடத் தேவையில்லை.

இவற்றில் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். முன்பதிவு, குறித்த பாதை, பயிற்சி, துணை. வாகனம் மட்டும் வாங்கி வைத்துவிட்டு எவரும் இதை நடத்தவில்லை.

சம்பூருக்கு எது பொருந்தும்?

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு திருகோணமலையிலிருந்து நமது பக்கம் வாகனத்தில் வருவது இலகுவாகிவிட்டது. சம்பூரில் கடற்கரை இருக்கிறது. வயலும் பனையும் பறவை இறங்கும் குளங்களும் இருக்கின்றன. பவுல் பொயின்ட் வெளிச்சவீடு இருக்கிறது. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்ட கொட்டியாரக் குடாவின் கதையும் நமது கரையில்தான் இருக்கிறது.

என் அபிப்பிராயம், பட்டை நாற்காலி நமக்கு இப்போது வேண்டாம். பழுதானால் திருத்த ஆளில்லை, பாகம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். கடற்கரைக்கு ஒரு விரிப்புப் பாதையும் ஒரு பலூன் சக்கர நாற்காலியும், குளக்கரை ஒற்றையடிப் பாதைக்கு ஒற்றைச் சக்கர நாற்காலி ஒன்றும் போதும். உப்புக் காற்றில் பெயாரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவி, கிறீஸ் வைத்தே உள்ளே எடுக்க வேண்டும்.

இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் சுங்கத்தில் 8713 என்ற தலைப்பைக் கேட்க வேண்டும். மோட்டார் பூட்டியதோ பூட்டாததோ, நடக்க இயலாதவர்களுக்கான வண்டிகள் அதில்தான் வரும். அவற்றின் உதிரிப் பாகங்கள் 8714இல் வரும். வேறு தலைப்பில் பத்திரம் எழுதினால் வரியும் மாறும், தாமதமும் வரும். ஓடருக்கு முன்னரே உங்கள் சுங்கத் தரகரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கணக்கு

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நாற்காலி கடைக்கு வந்து சேர 3 இலட்சம் ரூபா என்று வையுங்கள். நான்கு பருவம் உழைக்கும் என்றால் பருவத்துக்கு 75,000. பராமரிப்பு 25,000. மொத்தம் ஒரு இலட்சம். பருவத்தில் 50 நாள் வாடகைக்குப் போனால், முதல் திரும்புவதற்கு நாளுக்கு 2,000 ரூபா வேண்டும். அதற்கு மேல் இரண்டு உதவியாளர்களின் கூலி. வாடகையில் மட்டும் இலாபம் தேடினால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மேலே சொன்ன இரண்டு அமெரிக்க மாநிலங்களிலும் இலவசமாகக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் குடும்பம் பிரிந்து பிரயாணம் செய்வதில்லை. உம்மாவால் இறங்க முடியாத இடத்துக்கு மகனும் மருமகளும் பிள்ளைகளும் வரமாட்டார்கள். ஒரு நாற்காலிக்கு வழி இல்லாவிட்டால் நாம் இழப்பது முழு வேனையும். ஆகவே நாற்காலியால் பயன்பெறுபவர்கள் சாப்பாட்டுக் கடைக்காரர், அறை வைத்திருப்பவர், தோணிக்காரர், வேன்காரர் எல்லோரும்தான். செலவையும் அவர்களே பங்கிட வேண்டும். ஐந்து பேர் முஷாரகா முறையில் சேர்ந்தால் ஒருவருக்கு 60,000 ரூபா. வட்டிக்குக் கடன் எடுக்கத் தேவையில்லை.

பங்காளிகளில் சம்பூர் மக்கள் இருந்தே ஆக வேண்டும். 2006இல் விட்டுப்போன காணிக்கு 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் அவர்களால் திரும்பி வர முடிந்தது. பாதை போடுகிறோம் என்று ஒருவருடைய காணியிலும் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. அந்த ஊர் இளைஞர்களே உதவியாளர்களாக இருந்தால் தொழிலும் நிலைக்கும், இரு சமூகத்தின் உறவும் நிலைக்கும். கரையில் எதை விரிப்பதானாலும் பிரதேச சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும். யானை நடமாடும் பக்கம் என்பதால் குளக்கரைப் பாதை பகலில் மட்டும்.

நமது கடைவாசலிலிருந்து

2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோ ஒரு வகை இயலாமை உள்ளவர்கள். பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானோர். யுத்தமும் சுனாமியும் கண்ட நமது பகுதியில் இவர்களைத் தேடிப் போகத் தேவையில்லை, ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். பொது இடங்களுக்கு அவர்கள் வந்துபோக வசதி செய்யும் ஒழுங்குவிதிகள் இலங்கையில் 2006இலேயே வந்துவிட்டன. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயம் உல்லாசப் பிரயாண இடங்களையும் சேர்த்தே சொல்கிறது.

சட்டம் இருக்கட்டும், நமது கடை வாசலைப் பார்ப்போம். சாய்தளத்துக்கு ஒரு இலகுவான அளவு உண்டு: ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். வாசற்படி ஆறு அங்குலம் என்றால் ஆறு அடிச் சாய்தளம். இரண்டு மூடை சீமெந்து வேலை. மலசலகூடக் கதவு நாற்காலி நுழையும் அகலமா என்று அளந்து பாருங்கள். வருகிறவர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "வாங்க, சமாளிக்கலாம்" என்று சொல்லி வரவழைத்து நடுவழியில் நிறுத்துவது, இல்லை என்று சொல்வதை விட மோசமானது.

உதவியாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவை: கேட்காமல் நாற்காலியைத் தொடக் கூடாது. கூட வந்தவரிடமல்ல, இருப்பவரிடமே பேச வேண்டும். சரிவில் கைபிடியை விடக் கூடாது. பலூன் சக்கரம் தண்ணீரில் மிதந்து கவிழக்கூடியது, ஆகவே கணுக்கால் அளவுக்கு மேல் இறக்கக் கூடாது.

பருவம் முடிந்த மாதங்களில் அந்த நாற்காலி சும்மா கிடக்கக் கூடாது. கடல் ஏறாத நாட்களில் ஊரில் வீட்டோடு முடங்கியிருப்பவர்களுக்குக் கூலியின்றிக் கொடுக்கலாம். நமது ஊரிலும் சம்பூரிலும் கடலுக்கு அருகிலேயே இருந்துகொண்டு வருடக்கணக்காகக் கடலைக் காணாதவர்கள் இருக்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில், கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களைத் தமது இடத்தில் பொறுப்பாளராக நியமித்தார்கள். பாவம் பார்த்து ஓரத்தில் இருத்தி வைக்கவில்லை. நமது வாசலுக்கு வருகிறவரை நாமும் அப்படியே வாடிக்கையாளராக, பங்காளியாக மதிக்க வேண்டும்.

அந்தக் கனடாத் தாய் திரும்பவும் வருவாரோ தெரியாது. அவரது மகளின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு முன்னர் இரண்டு மூன்று பேராவது சேர்ந்து நாற்காலியை வாங்கிவிட்டால், முதல் அழைப்பு அவருக்குத்தான். இன்ஷா அல்லாஹ்.