கல்லும் கடலும் – 9: நனைந்தால் நனையட்டும்

கலிஃபோர்னியாவின் மான்டரேயில், பிரேக்வாட்டர் கல்லணையை ஒட்டிய மணலில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நிற்கிறோம். படகு கிடையாது, நடந்தே கடலில் இறங்க வேண்டும். இதற்கு மேல் முன்கதை கேட்பவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளவும்.

கெல்ப் என்ற ராட்சதக் கடற்பாசியின் காட்டுக்குள் நுழைவதாகத்தான் வாக்கு கொடுத்திருந்தேன். அதற்கு முன் உடையைப் பற்றி இரண்டு வரி எழுதிவிடலாமென்று உட்கார்ந்தால், ஹ்யூ பிராட்னர் வந்து பிடித்துக்கொண்டார்.

இங்கே தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி. வசந்தகாலக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலேறி வருகிறது. கெல்ப்புக்குச் சத்து அதில்தான் வருகிறது என்பதால் குளிரைத் திட்டவும் முடியாது. ஆனால் தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல்சூட்டைப் பறித்துக்கொள்ளும்.

பிராட்னர், அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸில் வேலை பார்த்த இயற்பியலாளர். போருக்குப் பிறகு பெர்க்லிக்கு வந்தவர், 1950களின் தொடக்கத்தில் கடற்படை முக்குளிப்பு வீரர்களின் குளிரைப் பற்றி யோசித்தார். அதுவரை எல்லோருக்கும் ஒரே கவலை, தண்ணீர் உள்ளே வரக் கூடாது. உடையில் ஒரு கிழிசல் விழுந்தால் போச்சு. பிராட்னரோ, வந்தால் வரட்டும் என்றுவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் வெட்சூட் என்ற நனையும் உடை. சூட்டைக் காப்பது நியோபிரீன் என்ற செயற்கை ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். அவை இருக்கும்வரை தோல் நனைந்தால் என்ன? உள்ளே புகுந்து சூடாகும் நீர்தான் காப்பாற்றுகிறது என்று இன்றும் பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். குண்டையும் வெட்சூட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் ஓட்டு வெட்சூட்டுக்கு.

அதில் அவர் பெரிதாகக் காசு பார்க்கவில்லை. பார்த்தவர்களில் ஒருவர், சர்ஃபர்களுக்கு வெட்சூட் விற்ற ஜாக் ஓ'நீல். 1970களில் சர்ஃப் பலகையின் கயிறு சுண்டியதில் ஒரு கண் போனது. கறுப்புக் கண்பட்டையும் தாடியுமான அந்த முகத்தையே விளம்பரமாக்கிவிட்ட மனிதர்!

குமிழிகளுக்கு ஒரு குணம் உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அவை ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். உடை மெலிகிறது, சூடும் குறைகிறது, மிதவையும் குறைகிறது. மேலே மிதக்காமலிருக்க இடுப்பில் கட்டிய ஈயம் இப்போது கீழே இழுக்கும். மிதவை ஜாக்கெட்டில் காற்றை ஊதிச் சரிக்கட்ட வேண்டும். மேலே வரும்போது அதை வெளியேற்ற மறந்தால் தக்கை மாதிரி எகிறிவிடுவீர்கள்.

குமிழியை அடைத்துச் சூட்டைக் காக்கும் இதே வித்தையைக் கடல் நீர்நாய் எப்போதோ கற்றுவிட்டது. திமிங்கலத்துக்கு இருக்கும் கொழுப்புப் போர்வை அதற்கு இல்லை. சதுர அங்குலத்துக்குப் பத்து லட்சம் வரை மயிர், அதற்குள் அடைபட்ட காற்று, அவ்வளவுதான். மிச்சக் குளிரைத் தின்றே சமாளிக்கிறது: தினமும் உடல் எடையில் கால் பங்கு. அந்தத் தீனியில் கடல் முள்ளெலியும் சேர்த்தி. முள்ளெலி தின்பது கெல்ப். ஆக, நீர்நாயைத் தாண்டித்தான் காட்டுக்குள் போக முடியும். பக்கமோ தீர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் நீர்நாயும், கெல்ப் மேலாப்பில் கத்தியை எடுக்காமல் தவழ்ந்து கரை சேரும் வித்தையும். இந்த முறை நிச்சயம்.