முன்கேமராவில் தெரியும் முகம்

தன்னை அளந்துகொள்ளச் சரியான அளவுகோல் இல்லாதபோது மனிதர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே தன்னை எடைபோடுகிறார் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். சமூக ஊடகம் இளைஞர்களின் மனதைத் தொடுவது இந்த வழியாகத்தான். முன்பு நடிகையின் முகம் பெரிய திரையில் இருந்தது. அது வேறு உலகம் என்று பார்ப்பவருக்குத் தெரியும். இன்ஸ்டாகிராமில் நடிகையின் படத்துக்கு அடுத்தே கல்லூரித் தோழியின் படமும் அதே மெருகோடு வருகிறது. நடிகையிடம் தோற்றால் வலிப்பதில்லை, தோழியிடம் தோற்றால் வலிக்கிறது.

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போகும் மாலை நேர மின்சார ரயிலில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். திருமுல்லைவாயிலில் தொடங்கும் செல்பி அண்ணனூர் தாண்டியும் முடிவதில்லை. எடுப்பதும் அழிப்பதுமாகப் போய், கடைசியில் தேறும் ஒன்றும் ஃபில்டர் போட்ட பிறகே ஸ்டேட்டஸுக்குப் போகிறது. ஃபில்டர் மூக்கை ஒடுக்குகிறது, தாடையைக் குறுக்குகிறது, பருத் தழும்பைத் துடைக்கிறது, மாநிறத்தை வெளுக்க வைக்கிறது. மறுநாள் காலை பல் துலக்கும்போது கண்ணாடியில் தெரியும் முகம், போனில் இருக்கும் தன் முகத்திடமே தோற்றுப்போகிறது. இதுதான் இருப்பதிலேயே கொடுமையான ஒப்பீடு.

அழித்த படங்களில் பலவற்றின் குறை முகத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. 12 அங்குலத்தில் எடுத்த செல்பியில், 5 அடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர்.

நிறத்தின் கதை போனைவிடப் பழையது. 'பொண்ணு என்ன கலர்?' என்ற கேள்வி பூந்தமல்லிப் பக்கம் வரன் தேடும் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. 'என்னம்மா, இப்படிக் கறுத்துட்டே?' என்பதை நலம் விசாரிப்பாகவே நினைக்கும் அத்தைகளும் உண்டு. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி சிவப்பழகு கிரீம் 2020-இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. இந்த நிற மோகத்துக்கு எதிராகச் சென்னையின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். கறுப்பைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இல் விதி வகுத்தது. ஆனால் சொந்தப் படத்துக்குப் போடும் ஃபில்டர் விளம்பரம் அல்ல. அந்த விதி அதைத் தொடாது.

ஆண்களுக்குத் தசையும் தலைமுடியும் கவலை. ஜிம் கண்ணாடி முன் எடுக்கும் படம், பயிற்சி முடிந்த கையோடு, தசையில் ரத்தம் ஏறி விம்மியிருக்கும் நேரத்தில் எடுப்பது. அந்த விம்மல் சற்று நேரத்தில் அடங்கிவிடும். படம் மட்டும் அப்படியே நிற்கும்.

இந்த ஒப்பீடு தரும் வலி இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரியாததல்ல. ஃபேஸ்புக்கின் உள் ஆய்வு ஒன்று 2021-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வழியே வெளியானது. உடலை எண்ணி வருந்தும் வேளையில் இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகப் பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் அதில் சொல்லியிருந்தனர்.

சேதம் நிலையானதும் அல்ல. கனடாவில் பதற்றமோ மனச்சோர்வோ உள்ள 17 முதல் 25 வயது வரையிலான 220 மாணவர்களில் ஒரு பகுதியினர், போனில் சமூக ஊடகம் பார்ப்பதை 3 வாரம் நாளொன்றுக்கு 60 நிமிடத்துக்குள் சுருக்கிக்கொண்டனர். தங்கள் தோற்றம், எடை பற்றி அவர்களுக்கு இருந்த மதிப்பு உயர்ந்ததாக 2023-இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. அவர்கள் குறைத்தது பார்க்கும் நேரத்தை மட்டும்தான்.