கதவில் திறந்த மீன் கண்கள்

சென்ற ஆடி மாதம் என் காரின் இடது பின்கதவை ஒரு ஷேர் ஆட்டோ உரசிவிட்டுப் போனது. திருச்சியில் எங்கள் பகுதிப் பட்டறையில் வண்டியை விட்டேன். மூன்றாம் நாள் நான் போனபோது டிங்கரிங் முடிந்து, பட்டி தேய்த்து, பிரைமர் காய்ந்திருந்தது. பெயின்டர் கலர் அடிக்கத் தொடங்கினார். பட்டி பார்த்த இடத்தில் பெயின்ட் அமைதியாகப் படிந்தது. அதைச் சுற்றியிருந்த பழைய பெயின்ட்மேல் விழுந்த ஈரம் மட்டும் ஓரிடத்தில் வட்டமாக விலகியது. மிளகு அளவில் ஒரு குழி. விளிம்பு லேசாக மேடிட்டிருந்தது, நடுவில் அடியிலிருந்த பழைய பெயின்ட் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் ஏழெட்டு.

பெயின்டர் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தார். “மீன் கண்ணு விழுந்துடுச்சு சார். வண்டிக்கு என்ன பாலிஷ் போடுறீங்க?”

இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை ஸ்பிரே பாலிஷ் அடித்துத் துடைத்துவந்தேன். டேஷ்போர்டுக்கும் டயருக்கும் தனித்தனி பாட்டில். சொன்னதும் தலையசைத்தார். அன்று அடித்த கோட் முழுவதும் காய்ந்ததும் தேய்த்தெடுக்க வேண்டியதாயிற்று. பெயின்டும் போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு. தப்பு அவர் கையில் இல்லை.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களுக்கு இந்தக் குழியின் கணக்கு தெரியும். நல்லெண்ணெய் ஊறிய தோளில் தண்ணீர் ஊற்றினால் அது பரவாமல் முத்து முத்தாக உருண்டோடும். சிகைக்காய் போட்ட பிறகுதான் உடம்பு நனையும். ஒரு திரவம் ஒரு பரப்பின்மேல் பரவ வேண்டுமென்றால், அதன் பரப்பு இழுவிசை அந்தப் பரப்பின் ஈர்ப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீரின் இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். தின்னர் கலந்த பெயின்டுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 வரை. அதனால்தான் சுத்தமான பழைய பெயின்ட், பிரைமர், தகரம் எல்லாவற்றின்மேலும் அது இணக்கமாகப் படிகிறது. ஆனால் பாலிஷில் இருக்கும் சிலிகோன் எண்ணெய்க்கு இழுவிசை வெறும் 21. பெயின்டைவிடத் தாழ்ந்த எண் அது. எல்லாச் சிக்கலும் அந்தச் சிறு வித்தியாசத்தில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி சிலிகோன் ஈரப் பெயின்டைத் தொட்டதும், தொட்ட இடத்தில் மட்டும் இழுவிசை குறைகிறது. சுற்றியுள்ள பெயின்ட் வலுவாக இழுக்கிறது, நடுவிலிருப்பது வெளியே ஓடுகிறது. ஓடியது விளிம்பில் குவிந்து மேடாகிறது, நடுவில் குழி விழுகிறது. இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குத் திரவம் ஓடும் இந்த ஓட்டத்துக்கு இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மாரங்கோனியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1865இல் பாவியா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு இதைப் பற்றியதுதான்.

சிலிகோனின் பிறப்பும் ஒரு பிசுபிசுப்பில்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிரெடெரிக் கிப்பிங் என்ற வேதியியலாளர் நாற்பதாண்டுக் காலம் சிலிக்கன் சேர்மங்களோடு மல்லுக்கட்டினார். படிகமாக உருவாகாமல் கோந்துபோல் நின்றவை அவருக்குத் தொல்லையாகவே இருந்தன. இந்தத் துறையில் பெரிய முன்னேற்றம் அண்மையில் வருமென்று தோன்றவில்லை என்று 1930களில் சொல்லிவிட்டு ஓய்ந்தார். சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1943இல் அமெரிக்காவில் டௌ கார்னிங் நிறுவனம் தொடங்கி, உயரப் பறக்கும் விமானங்களின் மின்பொறி இணைப்புகளில் ஈரம் புகாமலிருக்க அதே பிசுபிசுப்பை விற்றது. போர் முடிந்தபின் அது கார் பாலிஷுக்குள் வந்தது. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது. நன்றாக வளையும், நெளியும். வெளிப்புறம் முழுக்க மெத்தில் தொகுதிகள் போர்த்தியிருக்கும். அதனால் எதன்மேல் பட்டாலும் பரவும், எளிதில் ஆவியாகாது, வெயிலுக்கும் மசியாது. புதுப் பெயின்டைக் காயவைக்கும் அறையின் 60 டிகிரி சூடு அதை ஒன்றும் செய்யாது.

பாலிஷ், வாக்ஸ், கோட்டிங் என்று கடையில் ஒரே அலமாரியில் வைத்து விற்கிறார்கள். ஆனால் மறுபூச்சு என்று வரும்போது மூன்றும் மூன்று விதம். ரப்பிங் பாலிஷில் நுண்ணிய தேய்ப்புத்தூள் இருக்கும். அது மேற்பூச்சான கிளியர் கோட்டைச் சிறிது சிறிதாகச் சீவுகிறது. அந்தக் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அடிக்கடி தேய்த்தவர் சீக்கிரமே மறுபூச்சுக்கு வருவார். வாக்ஸ் வேறு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கர்னவுபா பனையோலைகளிலிருந்து எடுக்கும் மெழுகு 80 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். திண்மமாகப் படிந்திருக்கும், அலைந்து திரியாது. தனி மெழுகென்றால் வாக்ஸ் ரிமூவரால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். ஆனால் டப்பாவில் பனைமரப் படம் இருந்தாலும், எளிதாகப் பரவவும் துடைக்கவும் உள்ளே சிலிகோன் கலந்திருக்கக்கூடும். முன்பக்கம் அதைச் சொல்லாது. டைமெத்திகோன், சிலாக்சேன் என்ற பெயர்களைப் பின்பக்கத்தில் தேட வேண்டும். செராமிக் கோட்டிங் என்றால் திரவம் வைத்துத் துடைத்தெடுக்கும் பேச்சே இல்லை. பெயின்டோடு இறுகிப் பிணைந்த அதைத் தேய்த்துத்தான் நீக்க முடியும்.

இவற்றை நீக்கும்போது வரிசை முக்கியம். வண்டி வந்த கையோடு வாட்டர் பேப்பரை எடுத்துத் தேய்த்தால், மேலே கிடந்த சிலிகோன் கீறல்களுக்குள் இறங்கிவிடும். அதன்பின் எவ்வளவு துடைத்தாலும் வெளியே வராது. முதலில் சோப்புத் தண்ணீர். அடுத்து வாக்ஸ் ரிமூவரில் நனைத்த துணியால் ஒரு முழ அளவு இடத்தை நனைத்து, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே திரும்பப் படியும். துணியை மடித்து மடித்துப் புது முகம் காட்டிக்கொண்டே வர வேண்டும். தேய்ப்பு அதற்குப் பிறகுதான், தேய்த்தபின் மறுபடி ஒருமுறை துடைப்பு. பல பட்டறைகளில் இந்த இடத்தில் மண்ணெண்ணெயையோ தின்னரையோ எடுக்கிறார்கள். மண்ணெண்ணெய் தன் பங்குக்கு ஒரு பிசுக்கை விட்டுப்போகும். தின்னர் துடைப்பதற்குள் பறந்துவிடும், பழைய மறுபூச்சு இருந்தால் அதை இளக்கியும்விடும்.

குழி விழுந்த பிறகு பெயின்டில் கலக்க ஒரு சொட்டுமருந்தும் விற்கிறார்கள். அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் சிலிகோன்தான். பெயின்ட் முழுவதன் இழுவிசையையும் தாழ்த்திவிட்டால் வித்தியாசம் மறைந்து குழியும் மறையும். ஆனால் அந்த வண்டிக்கு மேலே அடிக்கும் ஒவ்வொரு கோட்டிலும் அதைக் கலக்க நேரும். கன், கப், பட்டறைக் காற்று எல்லாவற்றிலும் அது தங்கிவிடும். நாளைக்கு வரும் வேறொருவர் வண்டிக்கு இன்றைய மருந்து நோயாகும். எனக்கு இதில் உடன்பாடில்லை. என் பெயின்டருக்கும் இல்லை.

எல்லாக் குழிக்கும் பாலிஷைக் குற்றம் சொல்லவும் கூடாது. கம்ப்ரஸரிலிருந்து காற்றோடு வரும் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும். சில வாகனத் தொழிற்சாலைகளின் பெயின்ட் பிரிவில் சிலிகோன் கலந்த கூந்தல் சீரம், கைக் கிரீம் போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்றே விதி இருக்கிறது. விரல் நுனியில் இருக்கும் அளவே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

புதுப் பெயின்டுக்கும் ஒரு காத்திருப்பு உண்டு. தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்தாலும் உள்ளிருக்கும் கரைப்பான் வாரக்கணக்கில் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். அதற்குள் வாக்ஸ் பூசினால் வழியை அடைத்த கதைதான். பல நிறுவனங்கள் 30 நாள் முதல் 90 நாள் வரை பொறுக்கச் சொல்கின்றன. டப்பாவில் போட்டிருக்கும் கணக்கையே பின்பற்றுவது நல்லது.

வண்டி கொடுக்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருத்துவரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொல்கிறோமே, அதுபோல என்னென்ன பூசியிருக்கிறேன் என்று அன்றே சொல்லியிருந்தால் அவருடைய ஒரு நாள் வீணாகியிருக்காது. அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். “இருக்கட்டும் சார்” என்றார். பிறகு வற்புறுத்தியதும் வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் முறை அடிப்பதற்கு முன் கதவின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார். எங்கும் முத்து கட்டாமல், கண்ணாடித் தாள் விரித்ததுபோல் தண்ணீர் அப்படியே நின்றது. கண்ணைச் சுருக்கி, சாய்ந்த வெளிச்சத்தில் இப்புறமும் அப்புறமும் பார்த்தார். துடைத்தார், காயவிட்டார். கன்னில் கலர் ஊற்றியபின் ஷட்டரைப் பாதி இறக்கி, பக்கத்து வாட்டர் வாஷ் கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“தம்பி, அந்த டயர் பாலிஷை ஒரு மணி நேரம் கழிச்சு அடிப்பா.”