மானின் வயிற்றில் சொப்பிங் பை

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் மலையைப் படம் பிடிக்கிறார்களோ இல்லையோ, மானைப் பிடிக்காமல் போவதில்லை. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் புள்ளிமான்கள் கட்டாக்காலி மாடுகள் போலத் திரிகின்றன. அவை எதைத் தின்கின்றன என்பது படத்தில் விழாது. சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் தாளில் உப்பும் குழம்பும் ஒட்டியிருக்கும். அந்த ருசிக்காகத் தாளையும் சேர்த்து விழுங்கும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் தங்கிய பொலித்தீன் செரிக்காது, எளிதில் வெளியேறவும் செய்யாது. வயிறு நிறைந்திருக்க, மான் பட்டினியில் சாகும்.

திருகோணமலை நகரையடுத்த பாலையூற்றில் இருப்பவருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். மிஞ்சிய சோறு, மீன்முள், மரக்கறித் தோல் எல்லாவற்றையும் ஒரே சொப்பிங் பையில் இறுக்கி முடிந்து கேற்றடியில் வைக்கிறோமே, அதுதான் பங்கு. நாய் கிழிக்கும். மிச்சத்தை மாரி வெள்ளம் வாய்க்கால் வழியே கடலில் சேர்க்கும். நிலாவெளிக்கு எதிரே, 2003இல் தேசியப் பூங்காவான புறாமலைத் தீவின் பவளப்பாறைகளும் அதே கடலில்தான் இருக்கின்றன.

சட்டத்துக்குக் குறைவில்லை. பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் சோற்றுப் பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்யப்பட்டன. 2025 நவம்பரிலிருந்து கடைக்காரர் பையை இலவசமாகத் தரக்கூடாது. ஆனால் சட்டம் கடை வாசலோடு நின்றுவிடும், குசினிக்குள் வராது. சோற்றையும் பையையும் பிரிப்பது வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. வளவுள்ள வீட்டில் தென்னையடியில் ஒரு கிடங்கு வெட்டி, குசினிக் கழிவைப் போட்டுச் சருகால் மூடினால் சில மாதங்களில் பசளை. மணமில்லாத பையை மான் அவ்வளவாகச் சீண்டாது. சருகோடு சேர்த்துப் பொலித்தீனைக் கொளுத்துகிறவர்களும் உண்டு. அந்தப் புகை முதலில் போவது அவர்கள் பிள்ளைகளின் மூக்குக்குள்தான்.

தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும் யோகட் கப், சிரட்டை விஷயத்தில் பயமே போதும். 2017இல் குடாவுக்கு அக்கரையிலுள்ள கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்துக்குச் சனம் திரளும் நாட்களில் போத்தல் தண்ணீருக்குப் பதிலாகக் குடத்துத் தண்ணீரைச் சில்வர் டம்ளரில் கொடுக்கலாம். டம்ளர் கழுவ ஆட்கள் வேண்டும். அதற்கு ஊர் இளைஞர்களை முன்கூட்டியே பிடித்து வைப்பது நல்லது.