இலைகளின் ராஜ்யம் – 7: ரோஜாவைப் பிடுங்கி வாழை வைத்தவர்

இங்கிலாந்தில் ஒரு ரோஜாத் தோட்டத்தை வேரோடு பிடுங்க மிகுந்த துணிச்சல் வேண்டும். அதுவும் எட்வின் லுட்யன்ஸ் திட்டம் போட்டுக் கொடுத்த தோட்டம். புது டெல்லியை வடிவமைத்த அதே லுட்யன்ஸ். கிழக்கு சசெக்ஸில் நார்தியம் என்ற ஊரில் இருக்கிறது கிரேட் டிக்ஸ்டர். 1910இல் அந்தப் பழைய வீட்டை வாங்கிய நதானியேல் லாய்ட், அதை விரிவாக்க லுட்யன்ஸை அழைத்தார். மாடு கட்டிக்கொண்டிருந்த முற்றம் ஒன்று ரோஜாப் பாத்திகளாக மாறியது. சுற்றிலும் யூ மரங்களை நெருக்கி வளர்த்துச் சுவர்போல் வெட்டி நிறுத்தினார்கள்.

1993இல் அந்த ரோஜாக்களைப் பெயர்த்தெடுத்தவர் அவருடைய மகன் கிறிஸ்டோபர் லாய்ட். வயது 72. துணைக்கு நின்றவர் தலைமைத் தோட்டக்காரர் பெர்கஸ் காரெட். பல பத்தாண்டுகள் ரோஜாவே நின்ற மண்ணில், செத்த செடிக்குப் பதிலாக வைக்கும் புதுச் செடி தேறாது. ஆனால் லாய்டுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது என்றே நினைக்கிறேன். ஜூனில் பூத்துக் குலுங்கும் ரோஜா, ஆகஸ்டில் முள்ளும் கரும்புள்ளி விழுந்த இலையுமாக நிற்கும். கோடையின் பின்பாதி முழுக்க அந்த முற்றம் வீண். அவர் கேட்டதோ ஆகஸ்டிலிருந்து முதல் உறைபனி வரை ஓயாத நிறம்.

பதிலுக்கு அவர் கொண்டுவந்த செடிகளின் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கல்வாழை, சேம்பு, வாழை, ஆமணக்கு! நம் ஊரில் கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் கேட்பாரற்று வளர்பவை அங்கே முன்வரிசைக்கு வந்துவிட்டன.

ஆமணக்கையே எடுத்துக்கொள்வோம். நம்மிடம் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடி. அங்கே குளிர் கொன்றுவிடும் என்பதால் ஒவ்வொரு வசந்தத்திலும் கண்ணாடிக் கூடத்தில் விதைத்து, பனி பயம் தீர்ந்த பிறகே வெளியே நடுகிறார்கள். அவர்கள் விரும்புவது ‘கார்மென்சிட்டா’ என்ற வகை. விரல் விரித்த பெரிய இலை செம்பு நிறத்தில் மின்னும். காய்க்குலை ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. வெயில் குறைந்தால் அது மங்கி இலை பச்சைக்குத் திரும்பிவிடும். ஆகவே நிழலில் வைக்கக் கூடாது. கொட்டை கடும் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய் பிடிக்கும்போதே குலையைக் கிள்ளிவிட வேண்டும்.

கல்வாழையின் அழகைக் காண வேளை பார்த்துப் போக வேண்டும். கருஞ்சிவப்பு இலை கொண்ட ‘வயோமிங்’ வகைக்குப் பின்னால் மாலை வெயில் இறங்கும்போது, இலை நரம்பெல்லாம் ஒளி ஊடுருவி அது விளக்கேற்றிய கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. அதன் ஆரஞ்சுப் பூவுக்கு அந்த இலைக்கு முன் இரண்டாம் இடம்தான். லாய்ட் இந்தப் பருத்த இலைகளுக்கு நடுவே வெர்பினா பொனாரியென்சிஸ் என்ற பல்லாண்டுச் செடியை விட்டார். கம்பிபோல் மெலிந்த தண்டு, ஆளுயரத்தில் ஊதாப் பூக்கொத்து. ஊடுருவிப் பார்க்க இடம் விடும் அப்படி ஒரு செடி இல்லாவிட்டால் பெரிய இலைகள் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு புதராகிவிடும்.

வாழையில் அவர் வைத்தது மூசா பாஸ்ஜூ. தென் சீனத்து வாழை, தின்னப் பழம் தராது. ஹைக்கூ கவிஞர் பாஷோவுக்குப் பெயர் வந்தது அவர் குடில் வாசலில் நின்ற இந்த வாழையால்தான்.

இந்த ஆசை லாய்டோடு தொடங்கியதல்ல. 1830களில் டெவன்ஷர் பிரபுவுக்காக காசி மலைகள்வரை வந்து செடி சேர்த்த ஜான் கிப்சன், 1860களில் லண்டன் பேட்டர்சீ பூங்காவில் வெப்பமண்டலச் செடிகளால் ஒரு கோடைத் தோட்டமே போட்டுக் காட்டினார். பிறகு அந்த மோகம் அடங்கிப்போனது. நூறாண்டு கழித்து அதற்கு லாய்ட் உயிர் கொடுத்தார். ‘கன்ட்ரி லைஃப்’ இதழில் 1963 முதல் 2005 வரை வாராவாரம் எழுதியவர் என்பதால், அவர் முற்றத்தில் செய்தது நாடெங்கும் வீட்டுத் தோட்டங்களுக்குப் பரவியது.

குளிர்காலத்தில் இத்தனையையும் காப்பாற்றுவது தனி உழைப்பு. வாழைத் தண்டைச் சுற்றி உலர்ந்த பெரணி இலைகளைத் திணித்துக் கட்டுகிறார்கள். கல்வாழைக் கிழங்கைத் தோண்டி, காயாமல் ஈரமண்ணில் புதைத்து நிலவறையில் வைக்கிறார்கள்.

நமக்கு அந்தப் பாடு எதுவும் இல்லை. நல்ல வெயிலும் தொட்டி நிறைய மக்கிய எருவும் தண்ணீரும் கிடைத்தால் கல்வாழைக்குப் போதும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் பக்கத்திலிருந்து புதுக் குருத்து கிளம்பும். கிழங்கு வாங்கும்போது மட்டும் தாய்ச்செடியின் இலையைப் பாருங்கள். ஒழுங்கில்லாத வெளிர்மஞ்சள் கீற்றும் பழுப்புத் திட்டும் இருந்தால் அது வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அந்தக் கிழங்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

(தொடரும்)